முழங்கைக்கு ஏறிய வெளிச்சம்

எலி துள்ளியது. நடந்தது அவ்வளவுதான்.

மயக்க மருந்து சரியாக ஏறியிருக்கவில்லை. நெஞ்சு முடியை மழித்து, நான்கு கால்களையும் டேப்பால் ஒட்டி, ஸ்கேன் திரையில் அந்தப் பொடி இதயம் படபடவென்று அடிப்பதைப் பார்த்தபடி அவள் ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவே இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அது ஒரே ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டது. ஊசி வழுக்கி வெளியே வந்து, எலியை அணைத்துப் பிடித்திருந்த இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் ஏறியது. வலது கட்டைவிரல் அதற்குள் சிரிஞ்சை அழுத்தத் தொடங்கியிருந்தது. சுதாரித்து ஊசியைப் பிடுங்கியபோது சிரிஞ்சில் இருந்ததில் பாதியைக் காணோம்.

அந்தப் பாதி எலிக்குள் போனதா, மேஜையில் சிந்தியதா, தன் கைக்குள் போனதா? குனிந்து மேஜையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

எலிகளோடு வேலை செய்கிற அவளுக்குப் பூனை என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் நிற்கிற பழக்கத்தைப் பார்த்து அண்ணன் சூட்டிய பட்டப்பெயர், பள்ளி, கல்லூரி எல்லாவற்றையும் தாண்டி ஆய்வுக்கூடம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. இப்போது அவள் அங்கே மூத்த ஆராய்ச்சியாளர். எலியின் இதயத்தில் ஊசி போடுவதில் அவள் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கையில்தான் இப்போது ஊசி ஏறியிருந்தது.

கையுறையைக் கழற்றிக் குழாயடியில் நின்று காயத்தைப் பிதுக்கினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மறுபடியும் பிதுக்கினாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்து கன்றிப்போகும்வரை தண்ணீரில் வைத்திருந்தாள். பிறகு ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி, மிச்சமிருந்த எலிகளுக்கும் ஊசி போட்டு முடித்தாள். 

அந்த சிரிஞ்சில் இருந்தவை ஸ்டெம் செல்கள். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்களை எடுத்து, இதயத் தசையாக மாறும்படி பாதி வழி வரைக்கும் பழக்கி, மாரடைப்பு வரவைத்த எலியின் இதயத்தில் செலுத்துவது அவர்களுடைய வேலை. அந்நியச் செல்லை விரட்டாதபடி எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்த்த எலிகள் அவை. செலுத்தியபின் அவை எங்கே போயின, உயிரோடு இருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கூட்டத்தில் நுழைந்தவனைத் தேடுகிற கதை. அதனால் ஊசி போடுவதற்கு முன்பே செல்களை ஒளிரும் நானோ துகள்களில் ஊறவைப்பார்கள். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும் அளவுக்குப் பொடிப்பொடியான துகள்கள். செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். பிறகு இருட்டறையில், குறிப்பிட்ட விளக்கின் கீழே, தோலுக்கு அடியிலிருந்தும் ஒளிரும். தோலைத் தாண்டி வரும் அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

வேறு யாருடைய செல்லாவது அவள் கைக்குள் போயிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அந்நியச் செல்லை உடம்பு விட்டுவைக்காது, துரத்தி அடித்துவிடும். ஆனால் சிரிஞ்சில் இருந்தவை அவளுடைய செல்கள்.

ஆய்வுக்கூடம் தொடங்கிய புதிதில், ஸ்டெம் செல் உருவாக்க ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வரவேண்டியது வந்து சேரவில்லை. "யாராவது குடுக்கறீங்களா?" என்று ஆய்வுக்கூடத் தலைவி கேட்டபோது பூனைதான் முதலில் சட்டைக்கையை மடித்துவிட்டாள். இருட்டறைக் கேமராவைப் பார்த்துக்கொள்கிற இருட்டண்ணன், "எலிக்குப் பூனை இதயம் வைக்கப் போறோம்டா" என்று சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விதி வந்தது. தன் உடம்பிலிருந்து எடுத்த செல்லைத் தானே கையாளக் கூடாது. தவறி உள்ளே போனால் உடம்பு அதை வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும். அதற்குள் பூனையின் செல்கள் குப்பிமேல் ஒட்டிய வெறும் எண்ணாக மாறியிருந்தன. புதிதாக வந்தவர்களுக்கு அது யாருடையது என்றே தெரியாது. தலைக்கு மேல் வேலை இருந்த தலைவிக்கு மறந்துபோனது. பூனைக்கு மறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டுப் பிள்ளை உள்ளே வந்து என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். பழக்கப்படாத செல்கள் கொஞ்சம் கலந்துபோன ஒரு எலியின் தொடையில் முன்பு கட்டி வந்திருந்தது. அவள்தான் அதை வெட்டித் திறந்தாள். உள்ளே குருத்தெலும்பு இருந்தது, சுருண்ட முடி இருந்தது, ஓரத்தில் வெள்ளையாக, கூர்மையாக, பல் போல ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. "இது உன் பல்லு பூனை" என்று அன்றைக்கு இருட்டண்ணன் கிண்டல் செய்தபோது அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

அன்று மாலை பேருந்தில் நின்றுகொண்டு வந்தவளுக்கு அந்தப் பல் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

"கையில என்ன கட்டு?" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்குள் வந்ததும் கிரீஸ் கையோடு பாப்பாவைத் தூக்கக் கூடாது என்று அவளிடம் தினமும் திட்டு வாங்குகிறவன்.

"எலி கடிச்சிடுச்சு."

"எலி பூனையைக் கடிச்சுதா? நல்லா இருக்கே நியாயம்."

அவள் சிரித்து வைத்தாள். பாப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னது. நான்கு வயதுக் குழந்தை. வலது கையால் மட்டும் தூக்கினாள். இடது கையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். ஒரு செல் தோலைத் தாண்டி இன்னொருவருக்குத் தொற்றாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? தெரிந்தும் கை தானாக விலகியது.

"அம்மா, இந்தக் கையும் குடு" என்றது பாப்பா.

"அந்தக் கை வலிக்குதுடா கண்ணு."

வலிக்கவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. கொஞ்சம் வீங்கியிருந்தால், சீழ் பிடித்திருந்தால், உடம்பு சண்டை போடுகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கும். காயம் இருந்த இடமே தெரியாமல் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் தலைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனாள். தலைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க. நம்ம எலிப் படங்களைப் பார்த்துட்டு ஆடிப்போயிட்டாங்களாம். மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்க ஆள் சேர்க்க ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாங்க. முதல் பேரே ஒரு லாரி டிரைவர். ரெண்டு தடவை அட்டாக் வந்தவராம், படி ஏற முடியலையாம். கடைசி பேட்ச் படமும் வந்துடட்டும், சொல்றேன்னேன். எல்லாம் உன் கைராசிதான்."

தலைவி இப்படிச் சிரித்து அவள் பார்த்து நாளாகிவிட்டது. பூனை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அடுத்த நாள் தலைவி ஊரில் இல்லை. அதற்கடுத்த நாள் இவளுக்கே மனசு வரவில்லை. இப்படியே நாள் தள்ளிப்போனது. தள்ளிப்போகப் போக, "அப்பவே ஏன் சொல்லலை?" என்ற கேள்வி ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டு, சொல்வது இன்னும் கடினமாகியது.

*

எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் இருட்டறை காலியாக இருக்கும். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே கறுப்புத் துணி விரித்த மேஜை, அதற்கு மேலே தலைகீழாகத் தொங்கும் கேமரா, மூலையில் திரை. பூனை கதவைச் சாத்திக்கொண்டு, மயங்கிய எலியைக் கிடத்துகிற இடத்தில் தன் இடது கையை மல்லாத்தி வைத்தாள். மேஜை சில்லென்று இருந்தது. விளக்கைப் போட்டாள். திரையில் அவள் கை சாம்பல் நிறத்தில் வந்தது. உள்ளங்கை ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு பொட்டு.

சிரிஞ்சிலிருந்து காணாமல்போனது முழுதும் இல்லாவிட்டாலும், அதில் பாதியாவது கைக்குள் போயிருந்தது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதைப் பார்த்ததும் விந்தையாக ஒரு ஆறுதலும் வந்தது. பொட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிடலாம். படத்தை அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் யாராவது கூப்பிட்டால், "பசிக்கலை, நீங்க போங்க" என்பாள். ஒவ்வொரு முறையும் பொட்டு கொஞ்சம் மங்கியிருக்கும். கரைகிறது, போய்விடும், பிழைத்தேன் என்று நினைத்துக்கொள்வாள். ஒளி எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. அதையே தொழிலாகச் செய்கிறவள், தன் விஷயத்தில் யோசிக்க மறுத்துவிட்டாள்.

பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது கையில் தட்டுப்பட்டது. துண்டால் தன் கையைத் துடைத்தபோது, முழங்கைக்கு உட்புறம் சற்று மேலே, தோலுக்கடியில் உருண்டையாக ஒன்று நழுவியது. பட்டாணி அளவு. அழுத்தினாள். வலிக்கவில்லை. வலது கையில் அதே இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா சோப்பு நுரையோடு நின்று, "அம்மா, தண்ணி ஊத்து" என்று கத்திக்கொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டு நேரம்வரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இருட்டறைக்குள் போய், சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி, முழங்கையைக் கேமராவுக்குக் காட்டினாள். உள்ளங்கைப் பொட்டு ஏறக்குறைய அணைந்திருந்தது. முழங்கைக்கு மேலே, அந்த உருண்டை இருந்த இடத்தில், புதிதாக ஒன்று பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் ஏறியிருக்கிறது. அடுத்து அக்குள். அதற்கடுத்து நெஞ்சு. அந்த உருண்டைக்குள் முடியும் எலும்பும் பல்லும் முளைத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கையை மேஜையிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

கதவு திறந்தது.

"யாரு? பூனையா? சொல்லாம கொள்ளாம உள்ளே..." என்று தொடங்கிய இருட்டண்ணன் திரையைப் பார்த்துவிட்டு நின்றார். பகலெல்லாம் இந்த அறையிலேயே கிடப்பதால் அவருக்கு அந்தப் பேர். திரையில் தெரிவது எலி அல்ல என்று புரிய அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"இது யாரு கை?"

சுருட்டிய சட்டைக்கை பதில் சொல்லியது.

"எந்த செல்லு?"

"என்னோடதுதான் அண்ணே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எலிக்குப் பூனை இதயம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர்தான். இப்போது அந்தச் சிரிப்பின் சுவடே இல்லை.

"எப்ப குத்துச்சு?"

சொன்னாள்.

"அத்தனை நாளா? அத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இங்க வந்து கையை நீட்டிக்கிட்டு இருந்தியா? உனக்கு ஒரு குழந்தை இருக்குல்ல?"

"திட்டாதீங்கண்ணே. பயமா இருக்கு."

"பயந்தா சொல்லணும். பயந்துட்டு ஒளிச்சு வைப்பாங்களா யாராவது? சரி, மேடம்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் வீட்டுல முதல்ல சொல்லிடறேன். காலையில மேடம்கிட்ட சொல்றேன்."

"காலையில நான் மேடம் ரூம் வாசல்ல நிப்பேன்" என்றார் இருட்டண்ணன். "நீ வரலைன்னா நான் உள்ளே போயிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

*

கணவன் முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் அவள் கையைப் பிடித்து, விளக்குக்குக் கீழே இழுத்து, முழங்கையைத் தடவிப் பார்த்தான். அந்த உருண்டை அவன் விரலுக்குக் கீழே நழுவியது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டான். பிறகு எடுத்ததற்கு வெட்கப்பட்டவன்போல மறுபடியும் வைத்தான்.

"எலி கடிச்சுதுன்னு சொன்னே."

"ஆமா."

"நான் வேற அதுக்கு ஜோக் அடிச்சேன்." அவன் குரல் உடைந்தது. "கேபிள்ல ஒரு இழை விட்டுப்போனாக்கூட நான் லிஃப்டை நிறுத்திப்புட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். ஜனங்க திட்டுவாங்க, மானேஜர் கத்துவான். நிறுத்திடுவேன். நீ படிச்சவ. உனக்கு நிறுத்தத் தெரியலையா?"

பாப்பா கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அன்று இரவு அவன் தூங்கவில்லை என்பது, தூங்காமல் படுத்திருந்த அவளுக்குத் தெரியும்.

காலையில் அவனும் கூடவே வந்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன் என்றான். இருட்டண்ணன் சொன்னபடியே வாசலில் நின்றிருந்தார்.

தலைவி கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று பூனை நினைத்திருந்தாள். அவர் நேராக வந்து அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"உன்னை அந்த செல்லுகிட்டயே விட்டிருக்கக் கூடாது. நான் மறந்துட்டேன்."

"நான் ஞாபகப்படுத்தலை மேடம்."

"அதை அப்புறம் சண்டை போட்டுக்கலாம். இப்ப சர்ஜனைப் பார்க்கணும்." போனை எடுத்தவர், எண்ணை அழுத்தாமல் கேட்டார்: "காய்ச்சல்? எடை குறைஞ்சுதா? அந்தக் கட்டி பெருசாகுதா?"

"நேத்துதான் கண்டுபிடிச்சேன். பெருசாகுதான்னு தெரியலை."

கணவன் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "மேடம், அது உசிரோட இருக்கா இல்லையான்னு அந்தக் கேமராவுல தெரியாதா?" என்றான்.

"தெரியாதுங்க" என்றார் தலைவி. "துகள் இருக்கற இடம் தெரியும். அது உயிரோட இருக்கற செல்லுக்குள்ள இருக்கா, செத்துப்போன செல்லுலேருந்து வெளியே வந்து கெடக்கான்னு அந்த வெளிச்சம் சொல்லாது."

சொல்லி முடித்தபின் அவர் ஒரு கணம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அதை அப்போது கவனித்தாள், ஆனால் அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

*

சர்ஜன் அதிகம் பேசாத மனிதர். இடத்தை மரத்துப்போக வைத்து, முழங்கைக்கு மேலே கீறி, அந்த உருண்டையை முழுசாக வெளியே எடுத்தார். உள்ளங்கை ஓரத்திலிருந்தும் ஒரு துண்டு எடுத்தார். பூனை பார்க்க வேண்டாம் என்று துணியைத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். வெட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. கிண்ணத்தில் ஏதோ விழுந்து டங்கென்று கேட்டபோது, கெட்டியான ஒன்று விழுந்த சத்தமா அது என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"டாக்டர், உள்ளே ஏதாவது... முடி மாதிரி..."

"முடியெல்லாம் இல்லை. நெறிகட்டின மாதிரிதான் தெரியுது. மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்." கிண்ணத்தில் விழுந்தது கத்தரிக்கோல்.

பார்த்துச் சொல்லும்வரை இருந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமையானவை. தையல் போட்ட கையோடு அவள் வீட்டில் இருந்தாள். குக்கர் விசில் அடித்தால் துள்ளினாள். கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில், உருண்டை எங்கேயாவது இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தாள். தடவித் தடவி இல்லாத இடத்திலெல்லாம் இருப்பதுபோல ஆனது. பாப்பாவின் பள்ளிப் பையை எங்கே வைப்போம், காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவன் ஒரு முறை, "போதும்" என்றான். அடுத்த முறை பேசாமல் கேட்டுக்கொண்டான். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

தலைவி போனில், "வா" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வுக்கூட மைக்ராஸ்கோப் அறையில் இருட்டண்ணனும் இருந்தார்; சர்ஜன் வெட்டியெடுத்த துண்டுகளின் சீவல்கள் அங்கே வந்திருந்தன. யாரும் அவளை முதலில் பார்க்க விடவில்லை. தலைவி குனிந்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடித் தட்டை மாற்றினார். மறுபடியும் பார்த்தார். பூனை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வந்து பாரு" என்றார் தலைவி.

பார்த்தாள். ஸ்டெம் செல்லோ, அதிலிருந்து இதயத் தசையாக மாறத் தொடங்கியதோ இருந்தால் பச்சையாகத் தெரியும்படி ஒரு சாயம் போட்டிருந்தார்கள். உடம்பின் குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்கிற செல்களுக்கு நீலச் சாயம். நானோ துகள்கள் சிவப்பு. அவள் கண்ணுக்குக் கீழே நீலம் நீலமாகப் பரந்து கிடந்தது. ஒவ்வொரு நீலத்தின் வயிற்றிலும் சிவப்புப் பொடி. தட்டை நகர்த்தினாள். நீலம், சிவப்பு. இன்னும் நகர்த்தினாள். பச்சை எங்கேயும் இல்லை. உள்ளங்கைத் துண்டிலும் இல்லை.

உடம்பு துரத்தாவிட்டாலும், புது இடத்தில் ஒட்டிப் பிழைக்க முடியாமல் அவளுடைய செல்கள் உள்ளே போன கொஞ்ச நாளிலேயே செத்திருக்கின்றன. விழுங்கு செல்கள் பிணத்தையும் துகளையும் சேர்த்து விழுங்கிவிட்டு, முழங்கைக்கு மேலே இருந்த நிணநீர் முடிச்சு வரை நடந்து போயிருக்கின்றன. ஏறிய வெளிச்சம் அவற்றின் வயிற்றில் இருந்தது. கட்டி என்று அவள் பயந்தது, அந்தச் சுத்தம் செய்கிற கூட்டத்தால் வீங்கிய முடிச்சுதான்.

பூனை வாய்விட்டு அழுதாள். இருட்டண்ணன் அவள் தலையில் கை வைத்து, "போச்சு, எல்லாம் போச்சு, ஒண்ணுமில்லை" என்று என்னென்னவோ சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தலைவி மட்டும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அழுகை ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பூனை அந்த முகத்தைப் பார்த்தாள். அன்று ஆபீஸ் அறையில் தலைவி எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"மேடம்," என்றாள், "நம்ம எலிங்க..."

"ம்" என்றார் தலைவி. "அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அதுங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாதே. அதனால செல்லு சாகாதுன்னுதானே..."

"எதிர்ப்புச் சக்தி இல்லைதான். விழுங்கற செல்லு இருக்கே. காயம் பட்ட இதயத்துக்கு முதல்ல ஓடறது அதுதானே. வெளிச்சம் இதயத்துல இருக்கு, இருக்குன்னு நாம குதிச்சோம். யாரோட வயித்துல இருக்குன்னு பார்த்தோமா?" அவர் விளக்கை அணைத்தார். "ஃப்ரீஸர்ல இருக்கற எலி இதயம் எல்லாத்தையும் எடுங்க. இதே சாயம் போடுங்க."

பூனை அந்த வேலையைச் செய்ய அனுமதிக்கப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். இருட்டண்ணனும் மற்றவர்களும் ஒவ்வொரு இதயமாகச் சீவி, சாயமிட்டு, படம் எடுத்தார்கள். அவள் ஊசி போட்ட எலிகள். எந்த இதயம் எந்த நாளில் எப்படித் துடித்தது என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. திரையில் வந்தது நீலமும் அதன் வயிற்றில் சிவப்பும்தான். இதயத் தசையாக மாறி உயிரோடு இருந்தவை ஒரு இதயத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆடிப்போன அந்தப் படங்களில் எரிந்தது ஏறக்குறைய எல்லாமே பிணத்தின் வெளிச்சம்.

அப்போதுதான் பூனைக்கு வேறொரு பயம் வந்தது. இது அவள் உடம்பைப் பற்றியது அல்ல. ஊசி தன் கையில் ஏறாமல் இருந்திருந்தால், அந்த லாரி டிரைவரின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். நிலைக்காத செல்களை நிலைக்கும் என்று நம்பி உள்ளே வைத்திருப்பார்கள். வெளிச்சத்தைக் காட்டிக் கைகுலுக்கியிருப்பார்கள். அவர் படி ஏறிப் பார்த்திருப்பார்.

தலைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது கதவு திறந்திருந்தது. "இல்லைங்க, இப்ப வேண்டாம்... நிறுத்திடுங்க... இல்லை, தள்ளிப்போடறது இல்லை, நிறுத்தறது. வெளிச்சம் இருக்கு, செல்லு இல்லை... ஆமா, எங்க தப்புதான். அந்த டிரைவர்கிட்ட நானே வந்து சொல்றேன்." போனை வைத்துவிட்டு அவர் நெற்றியை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டார். பூனை உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றாள். சத்தமில்லாமல்தான் போனாள், ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உன் மேல கோபமா இருக்கேன்" என்றார் நிமிராமல். "நீ ஒளிச்சு வச்சதுக்கு. கட்டியா வளர்ந்திருந்தா நான் உன் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"தப்புதான் மேடம்."

"உக்காரு."

*

அவளுடைய செல்களை அழிப்பதென்று முடிவானது. உறைநிலையில் இருந்த குப்பிகளை இருட்டண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து பிளீச்சிங் கரைசலில் கொட்டினார். கடைசிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். கிண்டல் ஏதோ வாய்வரை வந்திருக்க வேண்டும். சொல்லாமல் கொட்டிவிட்டார்.

வேலை மறுபடியும் அடியிலிருந்து தொடங்கியது, வேறொருவருடைய செல்லோடு. இந்த முறை துகளோடு, உயிருள்ள செல்லில் மட்டும் ஒளிரும் இன்னொரு அடையாளத்தையும் சேர்த்தார்கள். ஒன்றை மட்டும் நம்புவதில்லை என்று தலைவி சட்டமே போட்டுவிட்டார். பூனைக்கு ஊசி வேலை கிடையாது. கொஞ்ச காலம் படங்களைப் பார்க்கிற வேலை மட்டும். அவள் மறுக்கவில்லை.

சில ஆண்டுகள்வரை கண்காணிக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். வெட்டி எடுத்த துண்டில் இல்லை என்பதற்காக எங்கேயும் இல்லை என்று அவரால் எழுதிக்கொடுக்க முடியவில்லை. முதல் பரிசோதனைக்குக் கணவன் கூட வந்தான். ஸ்கேன் எடுக்கிற பெண் ஜெல்லைத் தடவி, கருவியை உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து அக்குளுக்கும் நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். பின்னால் போனாள். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து திரையை உற்றுப் பார்த்தாள். 

"இங்க தையல் போட்டிருந்தாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப தழும்புதான் இது. சரி, துடைச்சுக்கோங்க."

வெளியே வந்ததும் கணவன் எழுந்து நின்றான். அவள் முகத்தையே பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொன்னாங்க."

"வருவோம். அதுக்கென்ன?" என்றான் அவன். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். அவள் ம் கொட்டினாள். வலது கை விரல்கள் அவளைக் கேட்காமலே இடது முழங்கைக்குப் போய், தழும்புக்குப் பக்கத்தில் அழுத்திப் பார்த்தன. எதுவும் தட்டுப்படவில்லை. கொஞ்சம் தள்ளி, இன்னும் அழுத்தி, மறுபடியும் பார்த்தாள்.